முகம் வெளுத்த ஹஸ்கி

என் அக்காள் கணவருக்கு நாய்க் காப்பகத்தில் வேலை. தொலைந்துபோன நாய்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். தேடி வருகிறவர்கள் "இது என் நாய்தான்" என்று சொன்னால், அது நிஜமா என்று பார்த்து ஒப்படைப்பது அத்தானின் பொறுப்பு. வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவது நான். அத்தானை அங்கே எல்லோரும் 'ஸ்பெஷலிஸ்ட்' என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். மனிதர் காதில் மரியாதை மட்டும்தான் விழும்.

அதற்கு முன்னால் பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், பார்த்த மாத்திரத்தில் அதே நிறத்தைக் கலந்து தந்துவிடுவார். அந்தக் கண்ணோடுதான் காப்பகத்துக்கு வந்தார். அதிலும் ஹஸ்கி ஜாதி நாய் வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. "செம்பு கலர் ஹஸ்கின்னா மூக்கும் ஈரல் கலர்ல இருக்கணும், கறுப்பா இருந்தா அது செம்பே இல்ல" என்பார். ஓநாய் நிறத்து ஹஸ்கி உதிர்த்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஒரே முடியில் கறுப்பும் பழுப்பும் மாறி மாறி வருவதைக் காட்டுவார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் இதே பாடம்தான். "நாய்க்கு இருக்கிற கலரெல்லாம் தெரியுது. நான் இப்ப போட்டிருக்கிற டிரஸ் என்ன கலர்? கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று அக்கா ஒருநாள் மடக்கினாள். மனிதர் திருதிருவென்று முழித்தார்.

ஹஸ்கியின் முகத்தின் மேல்தான் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நெற்றியில் கூராக இறங்கும் கறுப்பு, கண்ணைச் சுற்றி வளையம், மூக்கின் மேல் பட்டை என்று முகமூடி மாட்டியதுபோல் இருக்குமே, அது. "நமக்குக் கைரேகை மாதிரி அதுக்கு முகம். கடைசி வரைக்கும் மாறாது" என்று அடித்துச் சொல்வார்.

ஒரு கோடையில் ஹஸ்கி ஒன்று வந்தது. முதுகு சாம்பல், முகம் சுத்த வெள்ளை. கழுத்துப்பட்டையும் இல்லை, தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப்பும் இல்லை. சில நாள் கழித்து அதைத் தேடி ஒரு தையற்காரப் பெண் வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். போன் தண்ணீரில் விழுந்து படமெல்லாம் போய்விட்டதாம். கையில் மிஞ்சியிருந்தது குட்டியாக இருந்தபோது எடுத்த ஒரே படம். அதில் நாயின் நெற்றியிலும் மூக்கின் மேலும் கறுப்பு, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் வளையம்.

அத்தான் படத்தைக் கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது வேற நாய், இது வேற நாய்."

"அவன்தாங்க சார். வளர வளர முகம் வெளுத்துப்போச்சு."

"சாயம் போறதுக்கு இது என்ன நீ தைக்கிற சட்டையாம்மா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பாவி, நானும் சிரித்தேன்.

நாய் ஊளையிட்டுக்கொண்டு கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்தது. "பாருங்க சார், என்னைத் தெரியுது அவனுக்கு" என்றாள். "ஹஸ்கி திருடனைப் பார்த்தாலும் வாலாட்டும்" என்றார் அத்தான். அதோடு விட்டாரா? "அடுத்தவன் தொலைச்ச நாயைக் கூட்டிட்டுப் போய் விக்கறதுக்குன்னே ஒரு கும்பல் அலையுது. திருட வர்றவ படத்தையாவது பொருத்தமா கொண்டு வரக் கூடாது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அவள் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள். நாயை ஒரு பஸ் டிரைவர் குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் ஒருநாள், எங்களிடமிருந்தே குட்டியாகப் போன ஹஸ்கி ஒன்று தடுப்பூசிக்கு வந்தது. அதன் காதில் ஒரு கிழிசல் உண்டு, அத்தானே மருந்து போட்டு ஆற்றிய காது. கறுப்பு முகத்தோடு போன குட்டி வெள்ளை முகத்தோடு வந்து நின்றது.

"முகமெல்லாம் எப்படி வெளுத்திருச்சு பாருங்க சார். சில ஹஸ்கிக்கு இப்படி ஆகுமாமே? உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அதை வளர்ப்பவர்.

அத்தான் அந்தக் காதைத் தடவினார். மறுபடியும் தடவினார். "ஆமாமா, தெரியும்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. எத்தனையோ நாய்களைப் பார்த்தவர்தான். ஆனால் எந்த நாயும் எங்களிடம் சில வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒரு குட்டிகூட வளர்ந்து அவர் பார்த்ததில்லை. இதை யோசிக்காமல் நானும் அவரை ஸ்பெஷலிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை, "அத்தான், அந்தத் தையற்காரப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தார்.

வீட்டில் பாடம் நின்றுபோனது. "என்னடி ஆச்சு உங்க ஸ்பெஷலிஸ்ட்டுக்கு? தட்டுல போட்டது அப்படியே இருக்கு" என்று அக்கா என்னைக் கேட்டாள். ஒரு விடுமுறை நாள் காலையில் அவராகவே வந்து, "நீயும் கூட வா. தனியாப் போக வெக்கமா இருக்கு" என்றார்.

முதலில் பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கொடுக்கறதுக்கும் பிடுங்கறதுக்கும் நாய் என்ன வாடகைச் சைக்கிளா?" என்றார். அவர் மனைவிதான் இடையில் புகுந்தாள். "விடுங்க. அது நம்மகிட்ட ஒட்டவே இல்ல. கதவு சத்தம் கேட்டா எழுந்து ஓடுது. நம்ம முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்குது." அத்தான் குனிந்து சங்கிலியை மாட்டினார்.

காப்பகப் பதிவேட்டிலிருந்த விலாசத்தை வைத்துத் தேடிப் போனோம். தையற்காரப் பெண் கதவைத் திறந்ததும் நாய் அத்தான் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் அவள்மேல் பாய்ந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"மன்னிச்சிடும்மா. தப்பு என்மேலதான்" என்றார் அத்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு யாரும் இல்லாம வந்து சொல்றீங்க."

அத்தான் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

"அந்தக் கூட்டத்துல எதிர்வீட்டு அம்மாவும் இருந்தாங்க. தைக்கக் கொடுத்த துணியை மறுநாளே வாங்கிட்டுப் போயிட்டாங்க. திருடி கையில எப்படிக் கொடுக்கறதுன்னு தெருப் பூரா பேச்சு." உள்ளே தையல் மெஷினை மூடி வைத்திருந்தது தெரிந்தது.

அத்தான் விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். "எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே நானும் ஓடினேன். எதிர்வீட்டு மணியை அடித்தார். ஒரு அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் நாய்க் காப்பகத்துல... அன்னிக்கு..." எதிரே இருந்த தையற்காரப் பெண் வீட்டைக் கை காட்டினார். "அந்தத் தையற்காரம்மா திருடி இல்லீங்க. அது அவங்க நாய்தான். எனக்குத்தான் எதுவும் தெரியல. தெரியாமலே அவங்களை அசிங்கப்படுத்திட்டேன்."

"அட, அப்படியா? பாவம்" என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் யோசித்தார். "ஆனா நாங்க இப்ப வேற இடத்துல கொடுத்துப் பழகிட்டோமே."

கதவு மூடிக்கொண்டது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அடித்தார்.