ஆரோட கோவம்?

எங்கள் முதல் இசைத்தொகுப்பை, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த கொரோனாக் காலத்தில் செய்தோம். நாங்கள் மூன்று பேர். பாடுகிறவனும் கிட்டார் வாசிக்கிறவனும் ஒருவனே; பள்ளிக்கூடத்தில் என்னுடன் ஒரே வாங்கில் இருந்தவன். ட்ரம்ஸ் அடிப்பவன் கல்முனையில் கடலுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். நான் பேஸ் கிட்டார். பாட்டு எழுதுவதும் பெரும்பாலும் நான்தான். பகலில் வாப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்பேன்.

நாங்கள் செய்வது பொப் பங்க் என்ற வகை. தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், கிட்டாரில் மூன்றே மூன்று கோர்ட்டை வைத்துக்கொண்டு மிக வேகமாக வாசித்து, கோபம் வந்தவன்போலக் கத்த வேண்டும். ஆனால் மெட்டு மட்டும் பிள்ளைகள் முணுமுணுக்கிற மாதிரி இனிப்பாக இருக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டு ஓடியது. “வரமாட்டன் சேர், வரமாட்டன்” என்று தொடங்கும். டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று ஒரு மாணவன் ஆசிரியரிடம் அறிவிக்கும் பாட்டு. டியூஷன் வகுப்புகள் எல்லாமே மூடிக் கிடந்த நேரத்தில் வெளிவந்த புரட்சி என்பதால் யாருக்கும் ஒரு நட்டமும் வரவில்லை. நற்பிட்டிமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் போனுக்குப் போன் பாய்ந்தது. வகுப்புகள் திறந்த பிறகு பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே டியூஷனுக்குப் போனார்கள்.

அதற்கிடையில் பாடகன் கலியாணம் முடித்தான். கலியாணம் முடித்தவனுக்கு ஒரு தொழில் வேண்டும். அவனிடம் இருந்தது இரசாயனவியல் பட்டம். ஆகவே டியூஷன் சேர் ஆனான். சந்திக்குச் சந்தி அவனுடைய பதாகை தொங்கியது. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் ஒரு குடுவை தீப்பற்றி எரியும். முதல் நாள் வகுப்புக்குள் கால் வைத்ததும் பின்வரிசை வாங்கிலிருந்து அந்தப் பாட்டுக் கிளம்பியதாம்.

“ஆரு அது?” என்று மேசையைத் தட்டிக் கேட்டிருக்கிறான்.

“நீங்கதான் சேர்” என்று பதில் வந்திருக்கிறது.

இந்த நிலைமையில்தான் இரண்டாவது தொகுப்பைப் பற்றி எங்கள் கண்ணாடிக் கடையில் கூடிப் பேசினோம். வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரம்.

“இந்த முறை என்னத்த எதிர்க்கிற?” என்று கேட்டேன்.

“படிப்ப விடுவம் மச்சான். அதுக்குள்ள இப்ப நான் இரிக்கன்” என்றான் பாடகன்.

“அரசாங்கம்?”

“அரசாங்கத்த ஏசாத ஆள் ஆரு?” என்றான் ட்ரம்ஸ்காரன். “மீன் வாங்கப் போனா அங்கயும் அதான் பாட்டு. நாம புதுசா என்னத்தப் பாடுற?”

“அப்ப வாப்பா உம்மாவ எதிர்ப்பம். எல்லா ஊர்லயும் அதுதான் செய்றாங்க.”

பாடகன் பயந்துபோனான். “உம்மாதான் எங்கட புள்ளையப் பாக்கிற. அவவ எதிர்த்துப் பாடினா புள்ளைய ஆரு பாக்கிற?”

கடைசியில் மின்வெட்டு, வாய்க்காலில் தண்ணீர் திறந்து விடாதது, சந்தியில் காரணமில்லாமல் வாகன ஹோன் அடிப்பவர்கள், கலியாண வீட்டுக்கு வந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று எங்கள் எதிரிகளைத் தெரிந்தெடுத்தோம். எங்களைத் திருப்பித் தாக்க முடியாத எதிரிகள்.

ஒலிப்பதிவுக்கு இடம் தேவைப்பட்டது. வீட்டில் ட்ரம்ஸ் அடித்தால் பக்கத்து வீட்டார் முறைப்பாட்டுடன் வருவார்கள். பாடகனின் மாமாவுக்கு நாவிதன்வெளிப் பாதையில் அரிசி ஆலை இருக்கிறது. அதன் களஞ்சியத்தில் நெல் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ட்ரம்ஸ்காரன் உள்ளே போய் ஒருமுறை கைதட்டிப் பார்த்தான். சத்தம் அந்த இடத்திலேயே செத்து விழுந்தது. அவன் முகம் மலர்ந்தது. கொழும்பில் காசு கொட்டிக் கட்டினாலும் இப்படி ஒரு கூடம் கிடைக்காது என்றான்.

மாமா சம்மதித்தார். “வெள்ளிக்கிழம மில் பூட்டுத்தானே. ஜும்ஆ முடிய வாங்க. ஆனா மில்லுக்குள்ள ஆட்டம் பாட்டு எண்டு ஆரும் கதைக்கப்படாது. கேட்டா, மிசின் திருத்துறாங்க எண்டு சொல்லுவன்.”

நாங்கள் வாசித்ததைக் கேட்டவர்கள் அதை எந்தச் சிரமமும் இல்லாமல் நம்பினார்கள். வயலுக்குப் போகும் ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் சைக்கிளை நிறுத்தி, “என்ன, இன்னம் சரிவரல்லயா?” என்று அக்கறையோடு விசாரிப்பார். “வந்திரும் காக்கா, துஆச் செய்ங்க” என்று அந்த அண்ணனிடம் பிரார்த்தனை வேண்டிக்கொள்வோம்.

மூன்றாவது பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மாமா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். ஹோன் அடிப்பவர்களைப் பற்றிய பாட்டு. பாடகன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். முடிந்ததும் மாமா எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“மகன், ஏன் இப்படிக் கத்துற?”

“இது கோவம் மாமா. இந்தப் பாட்டு வகையே அப்படித்தான்.”

“ஆரோட கோவம்?”

பாடகன் என்னைப் பார்த்தான். பாட்டு எழுதியவன் நான். நான் ட்ரம்ஸ்காரனைப் பார்த்தேன். அவன் குனிந்து ஒரு திருகாணியை இறுக்கத் தொடங்கினான்.

“ஒரு ஆளோட இல்ல மாமா. பொதுவா” என்றேன்.

மாமா யோசித்தார். “பொதுவாக் கோவம் வந்தா டொக்டரிட்டக் காட்டணும் மகன். பிரஷரா இருக்கும்.”

அவர் கேலி செய்யவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டுவந்து மூவருக்கும் பார்த்தார். மூவருக்கும் எந்தக் குறையும் இல்லை. பொப் பங்க் குழு ஒன்றுக்கு இதைவிட அவமானம் வேறு உண்டா தெரியவில்லை. தொகுப்புக்கு ‘ஆரோட கோவம்?’ என்றே பெயர் வைத்தோம்.

பாதிப் பாட்டுகள் முடிந்திருந்தன. அடுத்த கிழமை போய்க் களஞ்சியத்தைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. தரையில் சிந்திய நெல்லைக் குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. ட்ரம்ஸ்காரன் வழக்கம்போலக் கைதட்டினான். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடித் திரும்பி வந்து எங்கள் முகத்தில் அடித்தது.

“மாமா, மூட்டையெல்லாம் எங்க?”

“வித்திட்டன். நல்ல விலை வந்திச்சி. உங்களுக்கென்ன, பாட்டுத்தானே?”

“எதிரொலிக்கிது மாமா.”

“நல்லந்தானே. ஒருக்காப் பாடினா ரெண்டு தரம் கேக்கும்.”

அடுத்த போகத்து அறுவடை வரைக்கும் காத்திருக்க எங்களால் ஏலாது. மிச்சப் பாட்டுகளை வெறும் களஞ்சியத்திலேயே முடித்தோம். ஆகவே தொகுப்பின் முன்பாதி தலையணைக்குள் வாசித்தது போலவும், பின்பாதி கிணற்றுக்குள் விழுந்துவிட்டுக் கத்தியது போலவும் இருக்கும். இன்டர்நெட்டில் ஏற்றிய பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர், அடைபட்ட மனம் மெல்ல மெல்ல விடுதலை அடைவதை ஒலியாலேயே காட்டிவிட்டதாகப் பாராட்டி எழுதினார். நெல் விலையைப் பற்றி அவருக்கு எழுதவில்லை. நன்றி என்று மட்டும் போட்டோம்.

இன்டர்நெட்டில் ஏற்றியதோடு வெளியீடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “வெளியீடு எண்டா விழா வைக்கணும்” என்றார். ஊரிலுள்ள ஒரு கவிஞரைக் கூட்டி வந்து தலைமை தாங்கவும் பேசி முடித்துவிட்டார். கவிஞர் எங்கள் பகுதியில் நடக்கும் நூல் வெளியீடுகள் அனைத்துக்கும் தலைமை தாங்குபவர்.

“முதற் பிரதி எங்க?” என்று கவிஞர் கேட்டார்.

“இன்டர்நெட்ல இரிக்கி சேர்.”

“இன்டர்நெட்ட எப்பிடித் தம்பி மேடையில வச்சிக் கையில குடுக்கிற? படம் எடுக்கவேணாமா?”

நியாயமான கேள்வி. ட்ரம்ஸ்காரனின் கடையில் விற்காமல் கிடந்த பழைய வெற்றுச் சீடிகள் ஒரு பெட்டி இருந்தன. அதில் பாட்டைப் பதியலாம் என்று எடுத்தான். சீடி எழுதும் கம்பியூட்டர் ஒன்றை ஊர் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. விழாவும் நெருங்கிவிட்டது. அழகான உறை அச்சடித்து, வெற்றுச் சீடியை உள்ளே வைத்து, வர்ணத் தாள் சுற்றி, ரிபன் கட்டினோம். கேட்பதற்கு யாரிடமும் கருவி இல்லாதபோது உள்ளே பாட்டு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்றான் ட்ரம்ஸ்காரன். நான் அடுத்த சீடிக்கு ரிபன் வெட்டினேன்.

விழா பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபம் ஒன்றில் தொடங்கியது. மேடையின் ஒரு பக்கத்தில் எங்கள் வாத்தியங்கள். மூன்று பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. வரவேற்புரை நடந்தது. தலைமையுரை நடந்தது. வாழ்த்துரை சொல்ல வந்தவர்கள் தங்களை வாழ்த்தியவர்களைத் திருப்பி வாழ்த்தினார்கள். பாடகனின் மாணவர்கள் பாட்டுக் கேட்கும் ஆவலில் முன் வரிசைகளில் இருந்தார்கள். சேர் மேடையில் இருப்பதால் எழுந்து போகவும் அவர்களுக்கு வழியில்லை.

தொகுப்பைப் பாராட்டிப் பேசும் நயவுரையையும் கவிஞரே எடுத்துக்கொண்டார். அவர் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கவில்லை. அது அவருக்கு ஒரு தடையாகவும் இருக்கவில்லை. தமிழுக்கும் இசைக்கும் உள்ள உறவை மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது வெளியே வெயில் தணிந்திருந்தது.

“இது பங்கு இசை!” என்று கையை உயர்த்தினார். “ஏன் பங்கு இசை என்கிறோம்? இந்த இளைஞர்கள் சமுதாயத்துக்குத் தங்கள் பங்கைச் செலுத்துகிறார்கள். அதனால்தான் இது பங்கு!”

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

முதற் பிரதியை மாமா பெற்றுக்கொண்டார். படம் எடுத்தார்கள். பொன்னாடைகள் வந்தன, போர்த்துவதற்குத் தோள்கள் போதவில்லை. மிஞ்சியவற்றை யாரோ ட்ரம்ஸின் மேல் மடித்து வைத்தார்கள். அதற்குப் பின்னால் ட்ரம்ஸ்காரன் தன் பங்குக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு, குச்சிகளை மடியில் வைத்தபடி, ஆரம்பத்திலிருந்து அசையாமல் இருந்தான். நன்றியுரை முடியவும் மாலைத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. எல்லோரும் பள்ளிவாசலுக்கு எழுந்து போனார்கள். நானும் பாடகனும் போனோம். தொழுதுவிட்டு வந்தால் மண்டபத்துப் பொறுப்பாளரும் ட்ரம்ஸ்காரனும் சேர்ந்து கதிரைகளை அடுக்கி முடித்திருந்தார்கள். ஒரு பாட்டுக் கூட வாசிக்காமல் எங்கள் தொகுப்பு வெளியாகிவிட்டது.

சில நாள் கழித்து மாமா கண்ணாடிக்கு அளவெடுக்கக் கடைக்கு வந்தார். சீடியைக் கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

“எப்பிடி மாமா இருந்திச்சி?”

“நல்ல அமைதியா இருந்திச்சி மகன். முந்தி மாதிரிக் கத்தல் கித்தல் ஒண்டுமில்ல.”

அவர் அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்று கண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். அளவெடுக்கும் கருவிக்குப் பின்னால் இருந்ததால் பெரிதாக மட்டும்தான் தெரிந்தன.

தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரைக்கும் மனிதர்கள் இருந்து கேட்டது ஒரே ஒரு தடவைதான் நடந்தது. பொத்துவிலில் பாடகனின் உறவுக்காரர் வீட்டில் வலீமா என்ற கலியாண விருந்து. மாமாவின் வேனை ட்ரம்ஸ்காரன் ஓட்டினான். முன்னால் நான். பின்னால் பாடகன், அவன் மனைவி, பிள்ளை, உம்மா. அக்கரைப்பற்றைத் தாண்டியதும் ட்ரம்ஸ்காரன் யாரிடமும் கேட்காமல் தன் போனை இணைத்துப் பாட்டைப் போட்டுவிட்டான். ஓடும் வேனிலிருந்து யாரும் இறங்க முடியாது.

“மகன், வேனை நிப்பாட்டுங்க. என்னமோ உடைஞ்சி போச்சி” என்றார் உம்மா.

“வேன் இல்ல உம்மா. நாங்கதான்” என்றான் ட்ரம்ஸ்காரன்.

பாடகனின் மனைவி வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவர் எங்கள் பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறாவது பாட்டு வந்தது. அது ஒன்றுதான் பாடகன் தானே எழுதியது. அதைப் பதிவு செய்த அன்று காலையெல்லாம் வகுப்பெடுத்து அவனுடைய தொண்டை கட்டியிருந்தது. கத்த முடியாமல் மெதுவாகவே பாடினான். சமையல் எரிவாயுவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், புதிதாகக் கலியாணம் முடித்த இருவர் வெறும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் உட்கார்ந்து, முதன்முதலாக மனம் விட்டுக் கதைக்கிறார்கள். மாப்பிள்ளை போத்தலில் பாலில்லாத பிளேன்டீ கொண்டு வந்திருக்கிறான். இருவரும் ஒரே மூடியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

முடிந்ததும் அவர் திரும்பிக் கணவனைப் பார்த்தார்.

“இது அண்டைக்கி நாம காஸ் கியூவுல நிண்டதுதானே?”

“ஓம்.”

“பிளேன்டீ நீங்க கொண்டு வரல்ல. நான்தான் கொண்டு வந்த.”

“பாட்டுக்கு அப்பிடி வந்திட்டு.”

“ஹோன் அடிக்கிறவன்ட கதையெல்லாம் உள்ளபடி இரிக்கி. என்ட பிளேன்டீ மட்டும் எப்பிடி மாறின?”

பாடகன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கத்துவதற்கு வழியில்லை, உம்மா பக்கத்தில் இருந்தார். ட்ரம்ஸ்காரன் சிரித்த சிரிப்பில் வேன் பாதையோரத்து மணலைத் தொட்டுவிட்டு வந்தது.

வலீமாச் சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பும்போது உம்மாவும் பிள்ளையும் தூங்கிப்போனார்கள். கோமாரியை நெருங்கும்போது பாடகனின் மனைவி முன்னால் குனிந்து, ட்ரம்ஸ்காரனிடம், “தம்பி, அந்த ஆறாவதை இன்னொருக்காப் போடுங்க. சத்தத்தக் குறைச்சி” என்றார்.

நான் வேனின் பின்பார்க்கும் கண்ணாடியில் பாடகனைப் பார்த்தேன். கண்களை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தான். அவன் தூங்கவில்லை. தூங்கினால் அவனுக்கு வாய் திறந்திருக்கும்.