பூட்டனுக்கு ஒரு பெயர்

மேலூருக்குக் கிழக்கே எங்கள் பூர்வீக ஊரில் நினைவுக்கல் நடப்போவதாகச் சேதி வந்தது. பண்ணைக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் ஓர் அறுப்பு நாளில் வேல்கம்பும் அரிவாளுமாக எழுந்த ஊர் அது. அன்றைக்குச் செத்தவர்களில் ஒருவர் என் அப்பாவின் தாத்தா; எனக்குப் பூட்டன்.

பெயர் கேட்டு விழாக் கமிட்டிக்காரர் போன் செய்தார். என்னிடம் இல்லை. நிலமே இல்லாதவருக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? பஸ் ஏறிப் பரவைக்கு, அத்தையிடம் போனேன். அப்பாவுக்கு அக்கா. அந்தத் தலைமுறையில் மிச்சம் அவர் மட்டும்தான்.

“உங்கப்பன் உசுரோட இருக்கயில என்னத்தப் புடுங்கிக்கிட்டு இருந்த?” என்றார் எடுத்த எடுப்பில்.

பிறகு வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “அவரு பேரத்தான் உங்கப்பனுக்கு வச்சாக. ஆனா மாமனாரு பேர ஆத்தா வாயால சொல்லுமா? பெத்த மகனப் ‘பெரியவரே’ன்னுதான் கூப்புடும். வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு வெரட்டும்போதும் ‘பெரியவரே, நில்லுங்க’ன்னுதான் ஓடும். எங்களப் பெத்த அய்யா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு. எங்களுக்கு வெவரம் தெரியுமுன்னயே போய்ச் சேந்துட்டாரு.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் பாட்டி அந்தப் பெயரைச் சொல்லாததால், வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரை எழுதிக்கொண்டார். அதுவே அப்பாவின் பெயராக நிலைத்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மரியாதை, மரியாதை என்றே ஒரு மனிதரைத் தொலைத்திருந்தோம்.

நான் எழுந்து செருப்பை மாட்டும்போது அத்தை கூப்பிட்டார்.

“டேய், ஒண்ணு ஞாபகம் வருது. அழகர்கோயிலுக்குப் போறப்பல்லாம் ஆத்தா ‘மலைக்குப் போறோம்’னுதான் சொல்லும். அந்தச் சாமி பேர அது சொல்லி நான் கேட்டதே இல்ல.”

அப்படியானால் மாமனார் பெயரும் அந்தச் சாமி பெயர்தான். ஆனால் அந்தச் சாமியின் பெயரை நீட்டியும் சுருக்கியும் இந்த வட்டாரத்தில் பத்து விதமாக வைப்பார்கள். இதில் எது?

“ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்கண்ணே, வெட்டுறவரு உளியோட உக்காந்திருக்காரு,” என்றார் கமிட்டிக்காரர், மறுபடி போனில். தப்பான பெயரா, பெயரே இல்லாமலா? பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு, வாய்க்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

விழாவன்று ஒவ்வொரு பெயராக மைக்கில் வாசிக்க, அந்தந்த வீட்டார் போய் மாலை வைத்தார்கள். நான் சொன்ன பெயர் வந்ததும் அத்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

“இதானாடா?” என்றார்.

“இதான் அத்தை.”

“நல்லாத்தான் இருக்கு,” என்று கல்லைத் தடவினார்.

இப்போதும் மனசு நிலைகொள்ளாத நாட்களில் பஸ் ஏறிப் போகிறேன். கல் முன்னால் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன். வயல் பக்கமிருந்து யாராவது ஒரு கிழவர் வரவேண்டும், “யார்ரா இவன் கிறுக்குப்பய, அவரு பேரு அது இல்லடா” என்று என்னைத் திட்டவேண்டும். வெயில் இறங்கும்வரை நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள்.