ஜெயகரன் படித்த பேப்பர்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் ஜெயகரன் ஒன்பது வருடமாக என் எதிர் சீட்டு. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவான், பேப்பரை விரிப்பான். "இன்னாப்பா போட்டுக்கீறான்?" என்று கேட்டால், "இன்னா போடுவான், அதே கதைதான்" என்பான். பெரிய மனுஷ நினைப்பு என்று எனக்கு அவன்மேல் எரிச்சல். நாலு தடவை கண்ணாடி மாற்றினான். ஒவ்வொரு தடவையும் முதலில் கிண்டலடித்தவன் நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லிஃப்ட் ரிப்பேரில் அவன் கெட்டிக்காரன். சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் சூப்பர்வைசராக வேண்டுமென்றால் கம்பெனி வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம், இரண்டில் தோற்றிருந்தான். இரண்டாவது விடைத்தாளைப் பார்த்த அதிகாரி திகைத்துப் போனாராம். பதினொன்றாம் கேள்வியின் விடையைப் பன்னிரண்டாம் வரிசை வட்டத்தில் கறுப்பாக்கியிருக்கிறான். அங்கிருந்து கடைசிவரை விடையெல்லாம் சரி, வரிசையெல்லாம் தப்பு.

அவன் மனைவி லூயிசா விடவில்லை. பங்காருபேட்டையில் கண் டாக்டர் அமலாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கிட்டத்துல பாக்கும்போது உங்க ரெண்டு கண்ணும் சேந்து நிக்கல. அதுக்குப் பயிற்சி தரேன், தலைவலி குறையும்" என்றார் டாக்டர். "ஆனா படிக்கிற கஷ்டம் கண்ணால மட்டும் வர்றதாத் தெரியல. பெங்களூர்ல இதுக்குன்னே இருக்கிற ஒருத்தருக்கு எழுதித் தரேன், பாருங்க."

பெங்களூரில் சோதித்துவிட்டு டிஸ்லெக்சியா என்றார்கள். எழுத்தைப் பார்த்ததும் அதன் ஒலியைப் பிடிப்பதில் பிறவியிலேயே உள்ள சிரமம்; புத்திக்குறைவு இல்லை, கண்ணாடியால் தீராது. முப்பத்தெட்டு வயதில் இதைக் கேட்டு அவன் அழுதுவிட்டான். "இத்தினி நாளு மக்குன்னே நெனச்சிக்கினு இருந்தேன் லூயிசா" என்றானாம்.

பெரிய எழுத்தில் கேள்வித்தாளும் கூடுதல் நேரமும் கேட்கலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். அதைக் கம்பெனியில் நீட்டினால் எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தான். பிறகு ஒரு காலை, ரயிலில் தினமும் கூட வரும் எங்களிடம்தான் முதலில் சொன்னான்.

"எனக்கு ஒழுங்காப் படிக்க வராதுப்பா. பேப்பர சும்மா பிரிச்சி வெச்சிக்கினு இருந்தேன்."

அன்றே அவன் கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்தான், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு லூயிசா ஜன்னல் வெட்டித் தந்தாள். அதை வைத்து மூன்றாவது பரீட்சையை வரிசை தவறாமல் எழுதினான், பாஸும் செய்தான். கேக் வாங்கி வந்து ரயில் பெட்டி முழுக்கக் கொடுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் நான், "இன்னாப்பா போட்டுக்கீறான்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இருப்பா, சொல்றேன்" என்றான். அந்த அட்டையைப் பேப்பர்மேல் வைத்தான். ஊர்காம் ஸ்டேஷனில் ஆரம்பித்தான். இரண்டு இடத்தில் தடுக்கி, திரும்பிப் போய்ப் படித்தான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல் தாண்டித்தான் முடிந்தது.

பூதிகோட்டையில் புதுத் தண்ணீர்க் குழாய் போடுகிறார்களாம். ஒன்பது வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் செய்தி அது.