கயாவில் விட்ட பழம்

போன வாரம் பாகான் டாலாமில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தூரத்து உறவில் ஒரு தம்பதி காசி யாத்திரை புறப்படுகிறார்கள். வழியனுப்ப வந்த கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போலத் தீவிலிருந்து ஃபெரி ஏறி வந்தவர்கள். பெட்டி கட்டியாயிற்று. கம்பளிச் சட்டை எடுத்து வைத்தாயிற்று. ஊறுகாய் பாட்டிலுக்கு இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக் பையும் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

எந்தப் பழத்தை விடுவது?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காசிக்கும் கயாவுக்கும் போய், இறந்துபோனவர்களுக்குப் பிண்டம் போடுகிறவர்கள், தங்களுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. பிடித்ததை விட்டுப் பழகு என்பதுதான் சங்கதி.

ஆனால் நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

“டுரியான மட்டும் விட்டுடாதீங்க மாமா, சீசன்ல பைத்தியம் புடிச்சிரும்” என்றது ஒரு குரல்.

“அப்ப ரம்புத்தான்?”

“ஐயோ, வாசல்லயே மரம் நிக்குதுலா!”

கடைசியில் யாத்திரை போகிறவரே தீர்ப்புச் சொன்னார். “பேரிக்காய விட்டுடலாம். அத யாரு திங்கிறா?”

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள்... நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம் — கோவிந்தசாமி அண்ணன்.

அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாக்குக்கு எங்கள் வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. டுரியான் காலத்தில், தோப்புகள் நிறைந்த பாலிக் புலாவுக்குப் போனால், இவர் காரை விட்டு இறங்கும்போதே கடைக்காரர்கள் நல்ல பழத்தை முன்னால் எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு சுளையை வாயில் போட்டால், மரம் மேட்டில் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். சரியாகத்தான் சொன்னாரா என்று மரத்தைத் தேடிப் போய்ப் பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை!

அவருக்கு ஒரே மகள், விஜயா. சின்னப் பெண்ணாக இருக்கும்போது அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சுளையைத் தின்பாள். “மொதல்ல என்ன வருது? கடைசியில என்ன நிக்குது?” என்று அண்ணன் கேட்பார். அவள் யோசித்து யோசித்துச் சொல்லுவாள். இனிப்பு முதலில் வந்தால் போதாது, வாசனை கடைசியில் நிற்க வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. எந்தப் பழமாக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

அண்ணி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து இறந்துபோனார். அந்த வருஷமே அண்ணன் கயாவுக்குப் போய் அவருக்குப் பிண்டம் போட்டுவிட்டு வந்தார். “பேரிக்காய விட்டுட்டேன்” என்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களெல்லாம் பேரிக்காயைத்தான் பைபையாகக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். அதைக் கண்டாலே அண்ணி ஞாபகம் வரும் போலிருக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் விஜயா மேல்படிப்புக்கு நியூசிலாந்து போனாள். தாவரவியல். முதல் விடுமுறைக்கு வந்தபோது, “என்னம்மா ஆராய்ச்சி பண்றே?” என்று நான்தான் கேட்டேன்.

“பேரிக்கா, சித்தப்பா” என்றாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “ஒலகத்துல வேற பழமே இல்லயாம்மா?” என்றார். அவ்வளவுதான்.

விஜயா வரும்போதெல்லாம் அந்த மரத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவாள். எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்... தப்பிருந்தால் தப்பு என்னுடையது. பேரி மரத்துப் பூ கொஞ்சம் வீம்பு பிடித்தது. சொந்த மரத்து மகரந்தம் மேலே விழுந்தால் ஏற்றுக்கொள்ளாது. வேறு ரகத்து மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற நமக்கு நேர் எதிர்.

கடையில் நாம் வாங்குகிற ஒரு ரகத்துப் பேரி எல்லாம், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும், முதலில் இருந்த ஒரே மரத்தின் கிளைகளில் காய்த்ததுதானாம். ஒட்டுப் போட்டு, ஒட்டுப் போட்டுப் பெருக்கியது. விதை போட்டால் தாயைப் போல வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள்.

அந்தப் புது ஆட்களில் நல்ல ஆளைத் தேடுவதுதான், படிப்பு முடிந்து அங்கேயே தங்கிவிட்ட விஜயாவின் வேலை. சீனத்துப் பேரி கடித்தால் நறுக்கென்று இருக்கும், வாசனை குறைவு. வெள்ளைக்காரர் பேரிக்கு வாசனை உண்டு, ஆனால் பழுத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டையும் சேர்த்து நறுக்கென்றும் மணமாகவும் ஒரு பழம் வேண்டும். ஒன்றின் பூவில் மற்றதன் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, பை கட்டிக் காத்தாள். காயிலிருந்து விதை எடுத்துக் குளிரில் வைத்தாள் — குளிர் படாவிட்டால் அந்த விதை தூங்கிக்கொண்டே இருக்குமாம். கன்று வந்தது, உடம்பெல்லாம் முள்ளோடு. அது பூப்பதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூத்துக் காய்த்த பிறகு கடித்துப் பார்த்தால்... புளிப்பு. துவர்ப்பு. இல்லாவிட்டால் வாயெல்லாம் மணல். தேங்காய்ச் சிரட்டையைக் கெட்டியாக்குகிற அதே மாதிரிச் செல்கள்தான் பேரிக்காயின் சதைக்குள்ளும் நறநறவென்று கிடக்கின்றனவாம். பிடிக்காத மரத்தை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள்.

எனக்கென்றால் இரண்டாவது மரத்திலேயே பொறுமை போயிருக்கும்.

இந்தப் பங்குனியில் அண்ணியின் திதிக்கு விஜயா வந்தாள். உரிய அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு, பஞ்சில் பொதிந்து மூன்று பழங்கள் கொண்டுவந்தாள். அவள் உண்டாக்கிய மரத்தில் முதல் காய்ப்பு. சீனத்துப் பேரி போல முழு உருண்டையும் இல்லை, வெள்ளைக்காரர் பேரி போலக் கழுத்தும் இல்லை. வெளிறிய மஞ்சள் தோல், மேலே தவிட்டு நிறப் புள்ளிகள்.

சமையலறையில் என் மனைவியிடம் அவள் சொன்னதைப் பிறகு என் மனைவி என்னிடம் சொன்னாள்.

“அங்க எல்லாரும் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க சித்தி. ருசிக்கு மார்க்கும் போட்டாச்சி. ஆனா எனக்கு அப்பா வாயால வரணும். நான் ருசி பாக்கப் பழகுனதே அவரு பக்கத்துல ஒக்காந்துதானே? டாக்டர் அவரோட ஹார்ட்டப் பத்திச் சொன்னது ஒங்களுக்கும் தெரியும். அடுத்த காய்ப்புக்கு அப்பா இருப்பாரோ, மாட்டாரோ...”

படையல் முடிந்தது. காக்கை வந்து சோறு எடுத்தது. விஜயா ஒரு பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து அப்பா முன்னால் நீட்டினாள். சாம்பிராணிப் புகையையும் மீறி ஒரு வாசனை கூடத்தில் பரவியது.

அண்ணன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. “எனக்கு வேணாம்மா. ஒனக்குத் தெரியாததா?”

“தெரியும்ப்பா. ஒரே ஒரு துண்டு.”

அங்கே ராமையா இருந்தார். அண்ணியின் தம்பி. எந்தச் சட்டத்திலும் சந்து கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

“மச்சான், நீங்க கயாவுல விட்டது என்ன? சீனர் கடையில விக்கிற பேரிக்கா. இது அது இல்லலா! ஒலகத்துலயே ஒரே ஒரு மரத்துல காய்ச்சது. இன்னும் பேரே வைக்கல. நீங்க கயா போனப்ப இந்த மரம் பொறக்கவே இல்ல. பொறக்காதத எப்படி விட்டிருக்க முடியும்?”

நான் சும்மா இருந்தேனா? இல்லை. எனக்கும் அண்ணன் அதைத் தின்ன வேண்டும் என்று ஆசை. “அண்ணே, இதுல பாதிதான் சீனத்துப் பேரி. மீதி பாதி வெள்ளைக்காரன். அந்தப் பாதிய யாரு விட்டா?” என்றேன்.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு விடைத்து அந்த வாசனையை இழுத்தது... என் கண்ணால் பார்த்தேன். அந்த நாக்குக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இவங்க பேசுறது கெடக்கட்டும். நீதான் இத உண்டாக்குனவ, நீதான் படிச்சவ. நீ சொல்லும்மா. இது பேரிக்காயா, வேறயா? வேறன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, நான் திங்கிறேன்.”

ராமையா அவளுக்குக் கண்ணைக் காட்டினார். என் மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதானே? அப்பா வாயில் தன் பழத்தை வைத்துப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தாள்! ‘வேற’ என்று சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

விஜயா தட்டைக் கீழே வைத்தாள்.

“பேரிக்காதான்ப்பா” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “ரெண்டும் வேற வேற நாடா இருந்தாலும் ஒரே குடும்பந்தான். அதனாலதான் இதுல அது சேந்துச்சி, காய்ச்சிச்சி. இது பேரிக்கா இல்லன்னு நான் சொன்னா, இத்தன வருஷம் நான் செஞ்சது ஒன்னுமே இல்லன்னு ஆயிரும்ப்பா.”

ராமையா, “இந்தப் பொண்ணுக்குப் பொழைக்கத் தெரியலயே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன், படையலில் வைத்திருந்த அண்ணியின் படத்தைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். எங்களுக்காகப் பேசிய மாதிரி தெரியவில்லை.

“கயாவுல ஐயர், புடிச்ச பழம் ஒன்னு சொல்லுங்கன்னாரு. டுரியான்தான் வாய் வரைக்கும் வந்துச்சி. முழுங்கிட்டேன். பேரிக்கான்னு சொல்லிட்டேன். எனக்கு அது புடிக்கவே புடிக்காது. ஆஸ்பத்திரில அவ திங்க முடியாமக் கெடந்தப்ப, வந்தவங்க குடுத்தத வீணாக்கக்கூடாதுன்னு நாந்தான் தின்னேன். வாயெல்லாம் மண்ணு. அதத்தான் விட்டேன். அவளுக்காக நான் எதையும் விடலம்மா... ஏமாத்திட்டேன்.”

தட்டில் இருந்த பழத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு மொத தடவயா, இந்தப் பழத்தத் திங்கணும்னு இருக்கு. ரொம்ப இருக்கு. இப்ப விட்டாத்தான் அவளுக்கு நான் விட்டதா ஆகும். நீ வேறன்னு சொல்லியிருந்தா தின்னிருப்பேன். நல்லவேள, நீ சொல்லல.”

விஜயா தலை குனிந்திருந்தாள். பிழிந்தெடுத்த துணி மாதிரி இருந்தது அவள் முகம். அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது, சரிதான். ஆனால் அவள் இத்தனை தூரம் கொண்டுவந்தது?

அப்போதுதான் அண்ணன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். அதை மகளிடம் நீட்டினார்.

“நீ தின்னு. கண்ண மூடிக்க.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளையாக இருந்தபோது உட்கார்ந்த மாதிரியே அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கடித்த சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது.

“மொதல்ல என்ன வருது?”

“தண்ணிப்பா. வாயெல்லாம் தண்ணி. அப்புறம் இனிப்பு.”

“மணலு?”

“இல்ல. நடுவுல, விதைகிட்ட மட்டும் கொஞ்சம்.”

“புளிப்பு?”

“லேசா. இருக்கறதே தெரியாது.”

“கடைசியில என்ன நிக்குது?”

மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “வாசனப்பா” என்றாள்.

அண்ணன் தலையை மெதுவாக ஆட்டினார். எத்தனையோ டுரியானுக்கு அவர் அப்படி ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்ப இது நல்ல பழம்மா” என்றார். “ரொம்ப நல்ல பழம்.”

மற்ற துண்டுகள் எல்லாருக்கும் வந்தன. ருசியைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைக்கு என் நாக்கில் என்ன பட்டது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

அண்ணன் ஆனி மாதம் காலமானார். இந்த வருஷ டுரியான் சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பாலிக் புலாவிலிருந்து ராமையா கொண்டுவந்த பழத்தை, இரண்டு நாள் முன்புகூட நன்றாக ரசித்துச் சாப்பிட்டார். பேரிக்காயை மட்டும் தொடவில்லை.

பாகான் டாலாமில் அந்தச் சிரிப்பு அடங்கியதும், என் மனைவி என் பக்கம் குனிந்து, “நாமளும் ஒரு தடவ காசிக்குப் போய்ட்டு வரணும். நீங்க எத விடுவீங்க?” என்று காதில் கேட்டாள்.

எனக்குப் பிடித்த பழம் எது என்று அவளுக்குத் தெரியும்... அதனால்தான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.