பாசார் கூடைக்குள் போகிற கேசிங்

தொண்ணூறுகளில் மலேசியாவின் சிரம்பானில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அசெம்பிளி வேலை பார்த்தேன். எல்லா கஸ்டமரும் முதலில் விலையைக் கேட்பார்கள். கமலா டீச்சர் மட்டும் ஒரு பிரம்புக் கூடையை கவுண்டர் மேல் வைத்து, “இதுக்குள்ள போற மாதிரி ஒரு கேசிங் வேணும்,” என்றார். கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டுகிற வெளிப்பெட்டிதான் கேசிங். பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, மீன் வாங்கக் கொண்டுபோகிற கூடை அது. வாடைகூட இன்னும் போகவில்லை.

டீச்சர் சிரம்பானை ஒட்டிய பாரோயில் தன் வீட்டிலேயே டியூஷன் நடத்தினார். ஹார்ட் டிஸ்க் இல்லாத மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தார். கேள்வித்தாள்கள், பிள்ளைகள் செய்த பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்து, கேபிள் இழுத்து மூன்றுக்கும் கொடுக்க வேண்டும். அதுவரை சரி. சனிக்கிழமையானால் அதே சர்வர் மந்தின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கும் போக வேண்டுமாம். அங்கே ஒரு மண்டபத்தில் அதேபோல் இரண்டு ஓட்டை மெஷின்கள் இருந்தன. ஆறாம் ஆண்டுப் பரீட்சை எழுதப்போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு பாரோய் வந்து படிக்க பஸ் கிடையாது. அதனால் டீச்சரே கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவார், கூடையோடு.

“டீச்சர், ரெண்டு ஹார்ட் டிஸ்க் போடணும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுல காப்பி இருக்கும். ஒசரமான பெரிய டவர் கேசிங்கா எடுங்க. காத்து போக எடம் வேணும்லா.”

“டவர மடியில வெச்சிக்கிட்டு போவச் சொல்றீங்களா?”

ஸ்டோரில் இருந்த கேசிங் ஒவ்வொன்றையும் கூடைக்குள் இறக்கிப் பார்த்தார். படுக்கவைத்து, நிமிர்த்தி, கோணலாகச் சாய்த்து. புடவைக் கடையில்கூட யாரும் இவ்வளவு பிரித்துப் போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் வெகுநாளாக விற்காமல் கிடந்த ஒரு ஸ்லிம் கேசிங் உள்ளே போனது. அதில் இரண்டு டிஸ்க்கும் ஒட்டிக்கொண்டு உட்காரும், சூட்டைத் தணிக்கக் கூடுதல் காத்தாடி வைக்க இடமே இல்லை. தொண்டை வற்றச் சொன்னேன். உள்ளேயிருந்து முதலாளி, “கேட்டத குடுத்து அனுப்புய்யா,” என்றார். தூசி படிந்த சரக்கு கிளம்புகிற சந்தோஷம் அவருக்கு.

கொஞ்ச நாளில் போன் வந்தது. “சார், நின்னு நின்னு போவுது.” பாரோய்க்குப் போனேன். அந்த வீட்டில் டிவிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, டெலிபோனுக்கு லேஸ் வைத்த கவுன். சர்வருக்கு வெல்வெட். தொட்டுப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி தோற்றுவிடும்.

“இத யாரு போட்டா?”

“நான்தான் தெச்சேன். தூசி போவாதுல்ல.”

“தூசி போவாது. காத்தும் போவாது டீச்சர். கழட்டிடுங்க.”

சரி என்றார். அடுத்த வாரம் மறுபடியும் போன். மறுபடியும் போனால், உறை அதே இடத்தில். “காத்துக்கு ஓட்ட வெச்சிட்டேன் சார்,” என்று பெருமையாகக் காட்டினார். ஓரத்தில் பூவேலை செய்த இரண்டு வட்டங்கள், பார்வைக்கு எடுப்பாக முன்பக்கத்தில். கேசிங்கில் இருந்த ஒரே காத்தாடி பின்பக்கம். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. உறையை உருவி என் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பரீட்சை நெருங்கியபோது ஒரு டிஸ்க் செத்தது. டீச்சர் சர்வரைக் கூடையோடு தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“எந்தப் புள்ள எதுல தப்பு பண்ணுதுன்னு எல்லாமே அதுலதான் இருக்கு சார். இனிமே நான் எத வெச்சி சொல்லிக் குடுப்பேன்?”

இரண்டாவது டிஸ்க் உயிரோடு இருந்தது. ஆனால் அதே பெட்டியில் விட்டால் அதுவும் போய்விடும் என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பெரிய டவருக்கு மாற்றி, இரண்டு காத்தாடி வைத்து, ஓட்டிக் காட்டினேன். பயிற்சிகள் எல்லாம் திரையில் வந்தன. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பவாச்சும் நான் சொன்னது புரிஞ்சிச்சா டீச்சர்?”

“புரிஞ்சிச்சு. சனிக்கிழம இத எப்படி சார் தோட்டத்துக்குக் கொண்டு போறது?”

பதில் முதலாளியிடமிருந்து வந்தது. “நீதானய்யா டவர் டவர்னு நின்ன? கட வேன்ல நீயே ஏத்திக்கிட்டு போ.”

பரீட்சை முடியும்வரை என் சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின. மண்டபம் மேட்டில் இருந்தது, வேன் பாதிவரைதான் ஏறும். மிச்சத்துக்கு, மழையில் ஊறிய செம்மண்ணில், டவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முனகியபடி ஏறுவேன். மேலே பிள்ளைகள் மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாரே, கேசிங் வாங்க வருகிறவரிடம் காற்றோட்டம், டிஸ்க், காத்தாடி எல்லாம் தாராளமாகப் பேசுங்கள். அதற்கு முன்னால் இதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது யார் என்று கேட்டுவிடுங்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தால், சின்னதையே எடுக்கச் சொல்லுங்கள்.