பழனி வாசிக்காத வயலின்

என் நண்பன் பழனியின் இடது கை செயலிழந்து போனதற்கு நான்தான் காரணம்.

கத்தியால் குத்தவில்லை. வண்டியால் இடிக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து அவன் வாசித்த வயலினை, அவன் வீட்டுக்குப் போன பிறகு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அந்த இடத்தில் ஒரு மென்பொருளின் வயலினை வைத்தேன். அது அவனுடைய வாசிப்புதான் என்று அவனையே நம்பவைத்தேன். ஒரு தடவை அல்ல... இரண்டு கணபதி சீசன் முழுக்க!

மென்பொருள் ஒருவன் கையைக் கெடுக்குமா என்று கேட்பீர்கள். கெடுக்கும். கேளுங்கள்.

பழனியும் நானும் மராட்டிய நாட்டில் போபோடி என்ற பேட்டையில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அவன் அப்பாவைப் போலவே தொழிற்சாலைக்குள் போனான். எனக்கு அங்கே ஊதும் ஹூட்டர் சங்கின் சத்தமே ஆகாது. கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, தொண்ணூறுகளில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். சுவரெல்லாம் பழைய மெத்தையை அறைந்து அதற்கு ஸ்டுடியோ என்று பெயரும் வைத்தேன். லோனாவ்ளா லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

எங்கள் பிழைப்பே விநாயகர் சதுர்த்தியை ஒட்டி வரும் கணபதி சீசன்தான். விழா நடத்தும் குழுவான ஒவ்வொரு மண்டலும் தன் பந்தலுக்கென்று தனிப் பாட்டுக் கேட்கும். பத்து வயலின் சேர்ந்து வாசிக்கும் சத்தம் வேண்டும் என்பார்கள். பத்துப் பேருக்கு எங்கே போவது? பழனி ஒருவனே அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். நான் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவேன். அவன் ஒருவனே கூட்டமாகிவிடுவான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை ஷிப்டு முடிந்து மத்தியானம் வருவான், வாசிப்பான், போய்விடுவான். வாசித்ததைப் போட்டுக் காட்டுகிறேன் என்றால் கையை உதறுவான். "பந்தல்ல கேட்டாத்தான்டா அது பாட்டு. உன் ரூம்ல கேட்டா வெறும் சத்தம்" என்பான். தன் வாசிப்பை அவன் முதன்முதலில் கேட்பது பந்தலின் ஒலிபெருக்கியில்தான், சந்தே கூடி நிற்கும்போதுதான். இந்தப் பழக்கத்துக்குள்தான் நான் திருடனாக நுழைந்தேன்.

முதலில் மாறியது அவன் மோதிர விரல். ஒரு மயிரிழை தாமதமாகத் தந்தியில் விழுந்தது. ஹெட்போனில் கேட்கிற எனக்கு மட்டும் தெரிந்தது. களைப்பு என்று நினைத்தேன். அடுத்த பாட்டிலும் அதே விரல்... அதற்கடுத்த பாட்டில் சுண்டுவிரலும் சேர்ந்துகொண்டது. எப்போதும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் வருகிறவன் டீஷர்ட்டில் வரத் தொடங்கினான். பொத்தான் போட முடியாமல்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அல்லது... உறைத்ததோ? இதை என்னால் இன்றுவரை தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மோதிர விரல் லேட்டா விழுதுடா பழனி."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "என்னடா... என் வாசிப்புலயே குத்தம் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?" என்றான். வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நாள் பேச்சே இல்லை. பிறகு அவனாகவே வந்தான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நட்பைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நல்ல பொய்!

அந்தச் சமயத்தில்தான் வயலின் மென்பொருள்கள் வந்து குவிந்தன. வெளிநாட்டில் நிஜமான வயலின் கலைஞர்களைப் பெரிய கூடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுவரத்தையும் பலவிதமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து விற்றார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அவர்கள் வாசிப்பார்கள். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து வாங்கினார்கள்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. எது பழனியை ஏமாற்றும் என்று பார்த்தேன்.

பழனி முன்பு நன்றாக வாசித்த பழைய பதிவுகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மென்பொருளாக இன்னொரு பக்கம் ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று அற்புதமாக இருந்தது. கோயில் மண்டபத்தில் வாசிப்பதைப் போல ஓர் எதிரொலி அதில்... வேண்டாம் என்று தள்ளினேன். என் மெத்தைச் சுவர் அறையில் அந்த எதிரொலி வராது, பழனி ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவான். இன்னொன்று வழவழவென்று இருந்தது. பழனியின் வில்லில் எப்போதும் ஒரு கரகரப்பு உண்டு. அதையும் தள்ளினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மைக்கை வயலினுக்கு மிக அருகில் வைத்துப் பதிந்தது. வில் தந்தியில் உரசும் ஓசை, ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகும் ஓசை, எல்லாம் அப்படியே இருந்தன. பழனி சுவரத்தைச் சற்றுக் கீழேயிருந்து எட்டிப் பிடிப்பான். அந்த எட்டலைக்கூட என்னால் அதில் கொண்டுவர முடிந்தது!

அதோடு விட்டேனா? அவனுடைய பதிவிலிருந்து சுவரங்களை அழித்தேன். மூச்சை மட்டும் வைத்துக்கொண்டேன். வரி தொடங்குமுன் மூக்கால் இழுக்கும் அந்த மூச்சு, நாற்காலியின் கிறீச், தாளத்துக்கு அவன் முனகும் ஒரு "ம்"... எல்லாவற்றையும் மென்பொருளின் வயலினுக்கு அடியில் பரப்பினேன். உயிரோடிருக்கும் ஒருவனின் மூச்சை எடுத்து இன்னொரு உடம்பில் வைத்தேன். சொல்லப்போனால், ரசித்துச் செய்தேன்.

கணபதி வந்தார். பந்தலில் பாட்டைப் போட்டார்கள். பழனி கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டான். கண் மூடியிருந்தது, தலை ஆடியது. கண்டுபிடித்துவிடுவானோ... பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தான். அவன் மனைவி கலாவைத் திரும்பிப் பார்த்து, பந்தலே கேட்கும்படி சொன்னான்:

"கேட்டியா கலா? கை மரத்துப்போவுது, டாக்டர்கிட்ட வா, டாக்டர்கிட்ட வான்னு உசுர வாங்கினியே! கையில கோளாறு இருந்தா இப்படி வருமா, சொல்லு? எல்லாம் மனசுதான்."

கலா சிரித்தாள். "சரி, நல்லா இருந்தா சரிதான். அண்ணே, நீங்களே பார்த்தீங்க இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. பரிதாபம் இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜெயித்துவிட்டேன்! பழனியின் காதையே ஜெயித்துவிட்டேன்! அவன் கை மரத்துப்போகிறது என்று அவன் மனைவி என் முகத்துக்கு நேரே சொல்கிறாள், நானோ மென்பொருளை மெச்சிக்கொண்டு நிற்கிறேன். மனிதனா நான்?

அடுத்த வருடமும் அதையேதான் செய்தேன். அந்த வருடம் அவன் வாசித்ததில் பாதி வரி காற்றில்தான் போயிற்று. விரல் விழவே இல்லை. "இன்னிக்கு மக்கர் பண்ணுதுடா, ஆனா பந்தல்ல பாரு, ஜோரா வந்துடும்" என்று சிரித்துக்கொண்டே போனான். வந்தது. ஜோராகவே வந்தது.

தீபாவளி கழிந்து ஒரு நாள் சாப்பிடும்போது தட்டு அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. பிறகு எடுக்கவும் முடியவில்லை. கலா அழுதுகொண்டே போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம்.

டாக்டர் மராட்டிக்காரர், பொறுமையான மனிதர். இது எப்போதிலிருந்து என்று ஹிந்தியில் கேட்டார்.

"தீபாவளிக்கு அப்புறம்தான் ஸாப்" என்றான் பழனி. கொஞ்சம் மரத்துப்போனதையெல்லாம் அவன் கணக்கில் எடுக்கவே இல்லை. பையிலிருந்து அந்தப் பாட்டின் சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இது இந்த கணபதிக்கு நான் வாசிச்சது. இந்தக் கைதான் வாசிச்சது. வேணும்னா இவனைக் கேளுங்க, இவன்தான் ரெக்கார்டிங் பண்ணான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கலா பார்த்தாள். அவன் பார்த்தான்.

என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது!

திடீரென்று வந்ததானால் நரம்பில் வீக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். சரியாகாவிட்டால் வரச் சொன்னார். பழனி பிடிவாதமாக மாத்திரையே போதும் என்று மழைக்காலம் வரை ஓட்டினான். கால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்துக்குள் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. இது வருடக்கணக்காக நடந்திருக்கிறது, விரல் முதன்முதலில் தடுமாறியபோதே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அந்த டாக்டர். ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார்கள். விரல்கள் திரும்பவில்லை.

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? போன கணபதிக்குக்கூட ராஜா மாதிரி வாசிச்சாரு என் வீட்டுக்காரரு" என்று கலா ஆஸ்பத்திரி நடைபாதையில் என்னிடம் சொன்னாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவனிடம் மிச்சமிருக்கும் வாசிப்பும் போய்விடும் என்று நினைத்தேன்... பார்த்தீர்களா, இப்போதும் அவனுக்காக என்கிறேன்! இல்லை. அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்ற பயம். அவ்வளவுதான். அந்த மென்பொருளும் அதில் பழகிய வித்தையும் எனக்குப் பெரிய வேலைகளைக் கொண்டுவந்தன. மகர்பட்டாவில் ஒன்பதாவது மாடியில் வீடு வந்தது. பழனி அதே சந்தில் இருக்கிறான். தொழிற்சாலையில் இலகுவான வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். என் பாவம் என்னோடு போகட்டும் என்று இருந்திருப்பேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஜாதவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜாதவ் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், பந்தல்களில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், பழனியின் சிநேகிதர். இருவரும் ஒருவரையொருவர் மராட்டியில் பாவூ, அதாவது அண்ணே, என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வருடமாக விரல் மரத்துப்போகிறதாம், பொத்தான் போட வரவில்லையாம். பழனியிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் பயப்படாத பாவூன்னு சொல்லிட்டேன்" என்றான் பழனி. "எனக்கு வந்தது வேற. நேத்து வரைக்கும் நல்லா வாசிச்சேன், இன்னிக்கு கை இல்ல. அப்படி வந்தாத்தான் ஆபத்து. உனக்கு மெதுவாத்தானே வருது, அது வெறும் வாயு, எண்ணெ தேய்ச்சா போயிடும்னேன்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். "ஸ்கேன் எடுக்கச் சொல்லுடா பழனி" என்றேன்.

"போடா! அனுபவிச்சவன் நான். உனக்கென்னடா தெரியும்?"

கலா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் ஜாதவுக்குப் போன் செய்தேன். உடனே ஸ்கேன் எடுங்கள், மெதுவாக வருவதுதான் ஆபத்து என்று ஹிந்தியில் கெஞ்சினேன். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"பழனி பாவூ வேண்டாம்னு சொல்றாரே. அவருக்கே வந்த நோய். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரே ஒரு வாக்கியம்தான் பதில். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் அது பழனியின் காதுக்குப் போயிருக்கும்.

"சும்மா... எங்கோ கேள்விப்பட்டேன்" என்றேன்.

ஜாதவ் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை. எண்ணெய்தான் தேய்க்கிறாராம். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.