எதிர்க்கடைக் கஸ்தூரியும் என் கம்பெனி ஆயிலும்

கஸ்தூரி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் பிரேக் ஆயில் வாங்க வந்த ஒரு டிரைவர். காலையில் கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையின் ஷட்டர் சில வாரங்களாகவே இறங்கித்தான் இருந்தது.

"மேடம், அக்கா பூட்டாங்க. விடியக்காலைல."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. ஆரணியில் வண்டி ஓட்டுகிறவர்கள் பெயர் சேர்க்காமல் அக்கா என்றால் அது கஸ்தூரிதான். அதே தெருவில், அதே தொழிலில், அவளுக்கு முன்பிருந்தே இருக்கிறேன் நான். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். செய்தி காதில் விழுந்த அந்த நொடியிலும் இந்த வித்தியாசம்தான் எனக்கு முதலில் உறைத்தது. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் ஒரே வயதுக்காரிகள். வா, போ என்று பேசிக்கொண்டவர்கள். சாவு வந்ததற்காக அவளைத் திடீரென்று உயரத்தில் ஏற்றி வைக்க என்னால் முடியாது. ஏற்கெனவே போதுமான உயரத்தில்தான் இருந்தாள்.

சாவுக்கு வந்த கூட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேன்களும் வாடகைக் கார்களும் அவள் வீட்டிலிருந்து தெரு முனை தாண்டி மெயின் ரோடு வரை நின்றன. நெசவுக்காரர்கள், பட்டு வியாபாரிகள், தேசூரிலிருந்து அவள் பிறந்த வீட்டார், முகம் தெரியாத எத்தனையோ டிரைவர்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று யோசித்தேன். வராது என்று தோன்றியது. அவளுடைய சாவைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் கார் ஆயில் வியாபாரம். என் கடையில் கம்பெனி ஆயில் மட்டும்தான். அதாவது காரைச் செய்கிற கம்பெனியே தன் பெயர் போட்ட டப்பாவில் விற்கும் இன்ஜின் ஆயில், இன்ஜினைச் சூடேறாமல் வைக்கும் கூலன்ட், கியர் ஆயில். கஸ்தூரி வைத்திருந்தது வெளி ஆயில். அதே தரத்தில், கார்க் கம்பெனி பெயர் இல்லாமல், விலை குறைவாக வருவது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தவள். கம்பெனி டப்பாவுக்குள் இருக்கும் ஆயிலை எந்தக் கார்க் கம்பெனியும் தானே காய்ச்சுவதில்லை, ஆயில் கம்பெனிகளிடம் வாங்கித்தான் அடைக்கிறது என்பதை அங்கே பார்த்திருந்தாள். அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவள் சொன்னால் ஊர் நம்பியது.

யார் வந்தாலும் காரோடு கொடுத்த புத்தகத்தைக் கேட்பாள். "இஞ்சினுக்குப் படிக்கத் தெரியாதுங்க. டப்பா மேல யார் பேரு கீதுன்னு அதுக்குத் தெரியாது. புக்குல இன்னா ஆயில் நம்பர் போட்டுக்கீதோ அது இருந்தா போதும்" என்பாள். அந்தத் தெருவில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தனபால் விஷயம் நினைவுக்கு வருகிறது. முள்ளிப்பட்டில் தறிகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த பட்டுப்புடவையைப் பெரிய ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். என்னிடம் கம்பெனி ஆயில் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தவரைக் கஸ்தூரி கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அண்ணே, உங்க பொடவ பெரிய ஊரு கடைக்குப் போயி அவங்க பேர ஒட்டுனா வெல ஏறுது இல்ல? பொடவ மாறிடுச்சா?"

"பொடவ எப்டி மாறும்? அதே பொடவதான்."

"அப்ப கையில இன்னா வச்சிகினு நிக்கிறீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து டப்பாவை என் மேஜைமேல் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் நேராக அவள் கடைக்குப் போனேன். "கடைப் பேரு ஒட்டுன பொடவ சாயம் போனா அந்தக் கடையப் போயி கேக்கலாம். பேர் இல்லாததுக்கு யார கேப்ப?" என்றேன்.

அவள் கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்தாள். "சரியாத்தான் சொல்ற உமா. அப்டி போயி கேக்கத்தான் அந்த அதிகக் காசு. போயி கேக்காத ஆளு அத எதுக்குக் குடுக்கணும்?"

நான் சாயங்காலம் வரை யோசித்துக் கண்டுபிடித்த வாதத்தை அவள் ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் தனதாக்கிக்கொண்டாள்.

வியாபாரத்துக்காக மட்டும் அப்படிப் பேசினாள் என்றால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர் அவளிடம் மலிவாகக் கியர் ஆயில் கேட்டிருக்கிறார். "சார், இதுல வெளையாடாதீங்க. இந்தக் கியர் பொட்டிக்குன்னே செஞ்ச ஆயில் அது. எங்கிட்ட இல்ல. எதிர்க்க உமா கடைல கீது, வெல பாக்காம வாங்குங்க" என்று அனுப்பினாள். ஆசிரியர் வந்து, "அக்காவே சொன்னாங்க, உங்ககிட்ட வாங்கச் சொல்லி" என்றார். விற்றது நான்தான். ஆனாலும் அது அவள் செய்த வியாபாரமாகவே எனக்குப் பட்டது. அன்று முழுக்க ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருந்தேன்.

ஏழுமலையின் காரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. படவேட்டுக்காரர். கடன் வாங்கிப் புது வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் போளூர் ரோட்டில் இன்ஜின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வேலூர் சர்வீஸ் சென்டருக்குப் போனால், "வெளி ஆயில் ஊத்தியிருக்கீங்க, வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் கஸ்தூரி கடை முன்னால் நின்று தெருவே கேட்கும்படி கத்தினார். "உன் பேச்ச நம்பித்தாங்கா ஊத்துனேன்! என் பொழப்பே பூட்ச்சே!"

அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு நிமிடம்கூட நீடிக்காத மகிழ்ச்சி. அவள் தெருவைக் கடந்து என் கடைக்குள் வந்தாள்.

"பொறப்படு உமா. அந்த வண்டில ஆயில் என்னுது, கூலன்ட் உன்னுது. இன்னிக்கி என்னச் சொல்றாங்க, நாளைக்கி உன்னச் சொல்லுவாங்க. நாமளே போயி பாத்துடலாம்."

ஏழுமலை என்னிடம்தான் கூலன்ட் வாங்கியிருந்தார். மறுக்க வழியில்லை. மூவரும் வேலூர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கஸ்தூரியைப் பார்த்ததும் ஆட்களை எழுப்பி இடம் பிடித்துக் கொடுத்தார். காலையில் அவளைத் திட்டிய ஏழுமலைகூட கண்ணமங்கலம் தாண்டுவதற்குள், அவள் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தார்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் ஆட்களைப் பேசிச் சமாளித்துப் பழகியவர். "வெளி ஆயில்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"ஆயிலாலதான் போச்சுன்னா, எழுதிக் குடுங்க சார்" என்றாள் கஸ்தூரி. அவர் எழுதவில்லை. அவள் விடவில்லை. ஆயிலை இறக்கிக் காட்டச் சொன்னாள். அளவும் சரியாக இருந்தது, ஆயிலும் சரியாக இருந்தது. ஆனாலும் மேனேஜர் அசையவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் செல்போன் வெளிச்சத்தில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்டர் பம்ப்புக்குக் கீழே உப்புப் பூத்ததுபோல இளஞ்சிவப்பாக ஒரு கறை. காய்ந்துபோன கூலன்ட் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கடை அலமாரியிலேயே ஒழுகின டப்பாவைத் துடைத்திருக்கிறேன்.

"சார், இது உங்க கம்பெனி கூலன்ட். பம்ப்லேர்ந்து கசிஞ்சிகினே இருந்திருக்கு. அது கொறஞ்சதாலதான் இஞ்சின் சூடாயிருக்கு. புது வண்டில பம்ப் ஒழுகுனா அதுக்கு யாரு பொறுப்பு?" என்றேன்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பம்ப்பைக் கழற்றச் சொன்னார். கஸ்தூரி என் தோளைப் பிடித்தாள். சில நாளில் வாரண்டியிலேயே ஏழுமலை வண்டியைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபின் கதை எப்படிப் பரவியது தெரியுமா? 'அக்கா வேலூருக்கே போய்ச் சண்டை போட்டு ஏழுமலைக்கு வண்டியைச் சரிபண்ணி வாங்கிக் கொடுத்தாங்க.' கஸ்தூரி அதை ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "நான் வாய்தான் பேசினேன். கண்டுபுடிச்சது உமா" என்று சொன்னாள். தனபால் என்னிடம் வந்து உருகினார்: "தான் செஞ்சத அடுத்தவங்க செஞ்சதா சொல்லுது பாருங்க. இன்னா மனசுங்க அதுக்கு!"

அவரிடம் உண்மையைச் சொல்லியும் பயனில்லை. நான் செய்த ஒரே பெரிய காரியமும் அவள் நல்ல மனதுக்குச் சாட்சியாகிவிட்டது.

அவள் படுத்த படுக்கையானபோது பார்க்கப் போனேன். அவள் கணவர் விசைத்தறியை நிறுத்திவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே.

"யாவாரம் எப்டி போவுது?"

"நீ இல்லாம நிம்மதியா போவுது."

சிரித்தாள், இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் எப்படியோ வாயில் வந்துவிட்டது. "உன்னப் பாத்தா எனக்கு எப்பவும் வயிறு எரியும் கஸ்தூரி."

"தெரியாதா எனக்கு? எதிர்க்க நீ உக்காந்துகினு மொறைக்கலன்னா நான் பத்து மணிக்குத்தான் கடையத் தொறந்திருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "உன் சரக்கு நல்ல சரக்கு. மட்டம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. எல்லாருக்கும் அது வேணுமான்னுதான் கேட்டேன்."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. கடைசிப் பேச்சும் ஆயிலைப் பற்றித்தான்.

காரியம் முடிந்தபின் அவள் கணவர் வந்தார். "கடைய நடத்த ஆளில்லம்மா. மிச்ச சரக்க நீங்களே எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான் தரணும்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். என் கடைக்குள் வெளி ஆயில் வருவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் கம்பெனி டப்பாக்களைத் தள்ளி வைத்துவிட்டு ஓர் அலமாரியைக் காலி செய்தேன்.

இப்போது வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "மேடம், கஸ்தூரி ஆயில் இருக்கா?"

எந்த டப்பாவிலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆனால் ஆரணியில் அதுதான் பெயர். படவேட்டிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பையன் போன வாரம் கேட்டான். என் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

அவள் கணவர் கொடுத்த சரக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. நானே வரவழைத்து அதே அலமாரியில் அடுக்குகிறேன். அவளைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவளுடைய பேச்சும் சிரிப்பும் உதவியும் நினைவில் இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் விட்டுப்போனது இந்த வயிற்றெரிச்சல். யாராவது வந்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அது புதிதாக எரிகிறது. "இருக்கு" என்று எடுத்துக் கொடுக்கிறேன். இதை நான் ஆற விடப்போவதில்லை.